வெல்ல ராட்சசனுக்கு முகம் வைத்தது யார்?

பென்னாகரம்,
6-7-1969

அன்புள்ள முனாப் அண்ணாவுக்கு, உன் ஒரே தங்கையும் ஆகவே உன் தங்கைகளில் மிகச் சிறந்தவளுமான சுல்தானா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அப்பா, அம்மா, நான், ஆடு நால்வரும் சுகம். ஆட்டுக்கு மட்டும் லேசாக இருமல். மெட்ராஸில் உன் சுகத்துக்குப் பதில் போடவும்.

இத்துடன் மூன்று படங்கள் இருக்கின்றன. என்ன கதை என்று தெரியாவிட்டால் நீ என் அண்ணனே இல்லை. சின்ன வயதில் மழை நாளெல்லாம் அப்பா நமக்குச் சொல்வாரே, வெல்ல ராட்சசன்! ஒகேனக்கல் அருவிக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கரைந்துபோகிறவன். ஊரில் உள்ள நானூறு குடைகளையும் திருடி ஒரே குடையாகத் தைத்துக்கொள்வான். தன் குடையைத் திரும்ப வாங்கக் குட்டிமா என்கிற சிறுமி தனியாகப் போவாள். குடை ரிப்பேர்க்காரருக்கு வேறு எந்த மாதிரி ராட்சசன் தோன்றுவான்?

படம் போட அப்பாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "வரையறதுன்னா வரை. முகம் மட்டும் வேணாம். கண்ணு மூக்கு வெக்கிறது படைச்சவன் வேலை" என்றார். கையடித்துச் சத்தியம் செய்தேன். முகமே இல்லாமல் கதைக்கு எப்படிப் படம் போடுவது? மூன்று நாள் முழித்தேன். நாலாம் நாள் மழை வந்தது. தெருவை எட்டிப் பார்த்தால் ஒருத்தருக்கும் முகம் இல்லை! எல்லாம் குடை, முறம், தலையில் மடித்துப் போட்ட சாக்குக் கொங்காடை. அப்படியே வரைந்துவிட்டேன். அப்பா தாளைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, திருப்பிப் பிடித்து முகம் தேடினார். கிடைக்கவில்லை. "திருட்டுக் கழுத" என்று சிரித்தார். மண்டிக்கடையில் இருந்து ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும் தாள்கள் கொண்டுவந்து தருகிறார்.

நீ சினிமா விளம்பரத் தட்டியில் முகம் எழுதப் போகிறேன் என்றபோது அவர் போட்ட சத்தம் பாப்பாரப்பட்டி வரை கேட்டது, ஞாபகம் இருக்கிறதா? இப்போது அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறாய் என்பதில் சந்தோஷம். "எழுத்துக்கு மூக்கு கெடையாது, அது போதும்" என்கிறார்.

ஒரு பாவமன்னிப்பு. உன் போன கடிதத்தை வாசித்துக் காட்டும்போது, "சுல்தானாவுக்கு ரெண்டு தாவணி எடுத்துக் கொடுக்கவும், ஒன்று ஊதா" என்று நீ எழுத மறந்த வரியையும் சேர்த்து வாசித்தேன். எடுத்தும் கொடுத்தார். அம்மாதான் ஊதா என்ற இடத்தில் என் புளுகைப் பிடித்துவிட்டாள். இப்போது எதை வாசித்தாலும், "இதுல அவன் பாதி, நீ பாதி" என்கிறார் அப்பா. அவருக்கு உருது மட்டும்தானே படிக்க வரும்? வேறு ஆளிடம் கொடுக்கவும் மாட்டார். வூட்டுக் கடுதாசி வூட்டோடயாம்.

குடையும் கையுமாக,
சுல்தானா


மெட்ராஸ் - 5,
21-7-1969

அன்புத் தங்கை சுல்தானாவுக்கு, அண்ணன் முனாப் எழுதுவது. நான் நலம். உங்கள் அனைவரின் நலத்துக்கும் துஆ செய்கிறேன். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ எழுதவில்லையே.

படங்கள் நன்றாக உள்ளன. இங்கே தெரிந்தவர் ஒருவரிடம் காட்டினேன். அவரும் நன்றாக உள்ளன என்றார். குட்டிமா காட்டாற்றைத் தாண்டும் இடத்தையும் வரைந்து அனுப்பு. அப்பா கதையை எப்படி ஆரம்பிப்பார், ராட்சசன் என்னென்ன பேசுவான் என்பதையும் விவரமாக எழுது. எனக்குச் சில இடங்கள் மறந்துவிட்டன. அப்பாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம்.

வேலை அதிகம். அம்மாவுக்கு ஸலாம் சொல்.

அன்புடன்,
முனாப்


பென்னாகரம்,
5-8-1969

வேலை அதிகமான அண்ணாவுக்கு, வேலையற்ற தங்கையின் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்காலும் சுகம், உன்னை விசாரித்தது. ஆட்டின் இருமல் நின்றுவிட்டது.

காவேரியில் தண்ணீர் ஏகத்துக்கும் வருகிறது. பரிசல் விடுவதை நிறுத்திவிட்டார்களாம். அதனால் இந்தப் படம் தானாக வந்தது. குட்டிமாவிடம்தான் குடை இல்லையே? அதனால் ஆற்றைத் தாண்டிய பரிசலையே கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு மழையில் நடக்கிறாள். பரிசலுக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். அந்தக் கால்களைப் பார்த்தாலே அவள் எவ்வளவு கோபமாக இருக்கிறாள் என்று தெரிகிறதா, இல்லையா? இதை வரைய நாலு நாள் ஆயிற்று. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாலும் இதுதான் என் நல்ல படம்.

ராட்சசன் பேச்சைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அப்பா குடையை விரித்துக்கொண்டு அதற்குள்ளிருந்து உறுமுவதை மட்டும் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

அந்தத் தெரிந்தவர் யார்? அவருக்குப் பேர் கிடையாதா? அப்பாவிடம் ஏன் சொல்லக் கூடாது? இரண்டு கேள்விக்கும் பதில் எழுதினால் மார்க் உண்டு.

சுல்தானா


பென்னாகரம்,
14-9-1969

அண்ணாவுக்கு, ஸலாம். சுகம் விசாரிக்க எனக்கு மனம் இல்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய்.

வெள்ளிக்கிழமை தீர்த்தம்மாள் டீச்சர் வகுப்புக்குள் வரும்போதே, "ஏன்டி சுல்தானா, உங்கண்ணன் பேரு முனாப்தானே?" என்றார். கையில் "கிலுகிலுப்பை" பத்திரிகை. நடுப்பக்கம் விரித்துக் காட்டினார். என் ராட்சசன். என் நானூறு குடை. என் பரிசல். தலைப்புக்குக் கீழே: "கதை, படம்: முனாப்."

கதை அப்பாவுடையது. படம் என்னுடையது. உன்னுடையது என்ன? நடுவில் இருக்கும் அந்தக் காற்புள்ளியா?

அதைக்கூட விட்டுவிடுவேன். என் குடைகளை யார் தூக்கிவிட்டது? எல்லாக் குடையையும் பின்னால் சாய்த்து, ஆளாளுக்கு முகம் வைத்திருக்கிறது! பரிசலைக்கூட நிமிர்த்தி, குட்டிமாவுக்குப் பல் தெரியச் சிரிப்பு. கோபமாகப் போகிறவள் அண்ணா அவள், கல்யாணத்துக்குப் போகிறவள் இல்லை! முகம் தெரியாத வரைக்கும் ராட்சசன் அருவி உயரம் இருந்தான். முகம் வைத்ததும் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விடுகிற ஆள் உயரத்துக்கு இறங்கிவிட்டான்.

அதுவும் யார் முகம்? நூல் கட்டிய கண்ணாடி, நெற்றித் தழும்பு, ஒரு பக்கம் ஏறிய மீசை. நம் அப்பா முகம். திருட்டு ராட்சசனுக்குக் குடை ரிப்பேர் கவுஸ் பாஷாவின் முகம்!

டீக்கடை கோவிந்தன் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கடைத் தூணில் ஒட்டிவிட்டார். நேற்று அப்பா டீ குடிக்கப் போனால், "பாயி, எங்கூட்டுக் குடை உங்களுதுல எத்தினியாவதுங்க?" என்றாராம். கடையே சிரித்ததாம். அப்பா தூணைப் பார்த்தார். டீயைக் குடிக்காமல் வூட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நான் உன்னை என்னா பண்ணேன்?"

அடித்திருந்தால் தேவலாம். நான் வரையவில்லை என்று குர்ஆன் மேல் கை வைக்கப் போனேன். "அதத் தொடாத" என்றார். பேர் உன்னுடையதுதானே என்றதற்கு, "அவன் எழுத்துக் கோக்கறவன். இந்தக் குடையெல்லாம் உன் கை" என்றார். பிறகு என்னிடம் பேசவில்லை.

யார் இதைச் செய்தது? உடனே எழுது.

சுல்தானா


மெட்ராஸ் - 5,
30-9-1969

அன்புத் தங்கைக்கு, நலம், நலமறிய ஆவல்.

உன் கடிதம் கண்டு வருந்தினேன். பத்திரிகை எங்கள் அச்சாபீசில்தான் அச்சாகிறது. முகம் இல்லாத படம் போட முடியாது, பிள்ளைகள் பயப்படும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். இங்குள்ள ஓவியர் ஒருவர் சேர்த்தார். அப்பா சாயல் வந்தது தற்செயல். பேர் போட்டதில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது.

அப்பாவின் கோபம் சில நாளில் சரியாகிவிடும். கதை இன்னும் ஒரு பகுதி பாக்கி. குட்டிமா குடையோடு திரும்பும் கடைசிப் படத்தை விரைவில் அனுப்பவும். அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

முனாப்


பென்னாகரம்,
6-10-1969

தற்செயல் அண்ணாவுக்கு, ஸலாம். இங்கே அம்மா சுகம். நான் சுகம் இல்லை. அப்பா எப்படி என்று எனக்குத் தெரியாது. என்னோடு பேசினால்தானே தெரியும்.

உன் கடிதத்தை ஏழு முறை படித்தேன். பிறகு குட்டிமாவின் முகத்தை எட்டாம் முறை பார்த்தேன். அவள் இடது புருவத்தில் ஒரு வெட்டு இருக்கிறது. அம்மிக்கல் மேல் ஏறி விழுந்து எனக்கு வந்த வெட்டு. அது மெட்ராஸ் ஓவியருக்கு எப்படித் தெரியும்? அவரும் நம் அம்மிக்கல்லில் விழுந்தவரா?

நீதான். நீயேதான். அச்சுக் கோக்கவில்லை, முகம்தான் எழுதிக்கொண்டிருக்கிறாய். இரண்டு வருஷமாக.

இங்கே நடப்பதைக் கேள். அப்பா குடை ரிப்பேரை நிறுத்திவிட்டார். பூட்டும் ஸ்டவ்வும் மட்டும்தான். குடை கொண்டுவருகிறவர்களை, "தருமபுரியில குடுங்க" என்று திருப்பி அனுப்புகிறார். ஐப்பசி வரப்போகிறது, ஊரே கம்பி முறிந்த குடையோடு காக்கா மாதிரி அலைகிறது. எனக்குத் தாள் வருவதும் நின்றுவிட்டது. சோறு வைக்கும்போது அம்மாவைப் பார்த்து, "அதுக்கும் போடு" என்கிறார். நான் "அது" ஆகிவிட்டேன், அண்ணா.

உன் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. "ஓவியர் ஒருவர் சேர்த்தார்" என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். "இது உன் பாதி" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கடிதத்தை நேர்மையாக வாசித்தேன். அதுவும் நீ எழுதிய பொய்யை.

கடைசிப் படம் கிடையாது. அப்பாவிடம் உண்மையைச் சொல். நான் சத்தியத்தை உடைக்கவில்லை என்று அவர் நம்ப வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சுல்தானா


(தபால் அட்டை)
பென்னாகரம்,
27-10-1969

அண்ணாவுக்கு ஸலாம். மூன்று வாரமாகப் பதில் இல்லை. இந்த அட்டையை நம் ஊர் போஸ்ட்மாஸ்டர், தருமபுரி தபால்காரர், உங்கள் தெருக்காரர் எல்லோரும் படிப்பார்கள். இதில் பாதி இடம் பாக்கி இருக்கிறது, எனக்குத் தெரிந்த விஷயமும் பாக்கி இருக்கிறது. அடுத்த அட்டையில் இரண்டையும் சேர்த்துவிடுவேன். எல்லோரும் சுகம். சு.


மெட்ராஸ் - 5,
7-11-1969

சுல்தானா, அட்டை கிடைத்தது. இனி அட்டையில் எழுதாதே.

நீ கண்டுபிடித்தது சரி. வந்த ஆறாம் நாளே அச்சுக் கோக்கும் வேலை போய்விட்டது. பிறகு பேனர் பட்டறை. இப்போது பத்திரிகைக்கு விளம்பரப் படம். எல்லாம் முகம்தான். வீட்டுக்கு எழுதும்போது பழைய வேலையையே எழுதிவந்தேன்.

உன் படங்களை ஆசிரியர் பார்த்து, "யார் போட்டது?" என்றார். என் வாய் "நான்" என்றது. அதற்கு முன்பு ஒரு வருஷம் என் படம் ஒன்றைக்கூட அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. முகம் சேர்த்தால் தொடர் தருகிறேன் என்றார்.

அப்பா முகத்தை வேண்டுமென்றே வைக்கவில்லை. எந்த முகம் எழுதினாலும் முதலில் அவர் முகம்தான் வருகிறது. பல்பொடி விளம்பரத்து ராஜாவுக்கும் அதே. அழித்து மாற்றிவிடுவேன். இதை மட்டும் அழிக்கக் கை வரவில்லை. கதை சொல்லும்போது அவர்தானே குடைக்குள் உட்கார்ந்து ராட்சசனாக இருப்பார்? இரண்டு வருஷமாக நான் அவரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முகம் எழுதினால் வாசப்படி மிதிக்காதே என்று அவர் சொன்னது உனக்குத் தெரியும். கொஞ்ச நாள் உன் மேலேயே இருக்கட்டும். நீ சின்னப்பெண், உன்னை மன்னித்துவிடுவார். பெருநாள் கழியட்டும், நானே ஏதாவது செய்கிறேன். நோன்பு வைக்கும்போது எனக்காகவும் துஆ செய்.

முனாப்


பென்னாகரம்,
17-11-1969

அண்ணாவுக்கு, நோன்பு திறந்ததும் எழுதுகிறேன். வாய் திறந்தால் கோபம் வரும் என்று பகலெல்லாம் காத்திருந்தேன்.

உன் கடிதம் உருக்கமாக இருந்தது. முதல் முறை அழுதேன். இரண்டாம் முறையும் அழுதேன். மூன்றாம் முறை, "கொஞ்ச நாள் உன் மேலேயே இருக்கட்டும்" என்ற வரியில் கண்ணீர் டக்கென்று நின்றுவிட்டது. அது என்ன, நான் ஆணியா, நீ கழற்றிய சட்டையை என் மேல் மாட்டிவைக்க?

நீ அப்பாவை நினைத்து வரைந்தாய். அது உன் பாசம். அதன் கூலி மட்டும் எனக்கு. "அது" என்று கூப்பிடுவதைக் கேட்டுப் பார். சின்னப்பெண்ணை மன்னிப்பாராம்! செய்யாத தப்புக்கு மன்னிப்பு எனக்கு எதற்கு? மன்னித்துவிட்டாலும் நான் செய்தேன் என்றுதானே ஆகும்?

இனி நீ தமிழில் எழுதினால் பிரயோசனம் இல்லை. நான் வாசித்தால் பாதி நான். நானே உருதில் எழுதிக்கொடுத்தால் முழுக்க நான். ஆகவே நீ உருதில் எழுது. உன் கையால், அப்பா பேருக்கு. தெரியாது என்று சொல்லாதே. ஓதப் போகாமல் புளியமரத்தில் உட்கார்ந்திருந்தாய், அது எனக்குத் தெரியும். உங்கள் திருவல்லிக்கேணியில் உருது தெரிந்த ஒரு பிரியாணிக்கடைக்காரர்கூடவா இல்லை? எழுத்தைக் கேட்டுக் கேட்டு எழுது. கொக்கு நடந்த மாதிரி இருந்தாலும் அது உன் கொக்கு.

நீ வந்தே சொல்லியிருக்கலாம். பஸ் ஓடுகிறது. எழுதவாவது செய்.

கடைசிப் படத்தை இத்துடன் அனுப்புகிறேன், நிபந்தனை இல்லாமல். கதை பாதியில் நின்றால் அப்பா கதைக்குத்தான் கேவலம். குட்டிமா தன் ஒரு குடையை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு போகிறாள். பெரிய குடையில் அந்த இடம் ஓட்டை. ராட்சசன் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்திருக்கிறான். இருவருக்கும் முதுகுதான். அதைத் திருப்பி முகம் பார்க்க முயற்சி செய்யாதே.

சுல்தானா


மெட்ராஸ் - 5,
3-12-1969

தங்கைக்கு, ஸலாம். எழுதிவிட்டேன். பன்னிரண்டு வரி. ஒன்பது நாள் ஆயிற்று. பிரியாணிக்கடை இல்லை, அத்தர் விற்கும் பெரியவர் ஒருவர். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டேன், என்ன எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. நேற்று அப்பா பேருக்குத் தபாலில் சேர்த்தேன்.

ஆசிரியரிடமும் சொன்னேன். இரைந்தார். கடைசிப் படத்தில் கை வைக்க மாட்டேன் என்றதும் இன்னும் இரைந்தார். பக்கம் காலியாக இருந்ததால் அப்படியே போகிறது. உன் பேர் இருக்கும். எனக்கு அங்கே இனி வேலை இருக்குமா தெரியாது.

அப்பா என்ன சொன்னார் என்று மட்டும் எழுது.

முனாப்


பென்னாகரம்,
14-12-1969

அண்ணாவுக்கு, ஸலாம். பெருநாள் வாழ்த்து. அம்மா சுகம், நான் சுகம், அப்பா சுகம். அவரே என்னிடம் சொன்னார்.

உன் கடிதம் பெருநாளுக்கு ஐந்து நாள் முன்னே கடைக்கே வந்துவிட்டது. என்னை வாசிக்கக் கூப்பிடவில்லை. மதியம் லுஹர் தொழுதுவிட்டு எடுத்தவர் சாயங்காலம் அஸர் பாங்கு வரை படித்தார். பன்னிரண்டு வரிக்கு அவ்வளவு நேரம். உன் கொக்குகள் எங்கெங்கோ நடந்திருக்க வேண்டும். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று நோன்பு திறக்கும்போது என் பக்கம் கஞ்சியை நகர்த்தினார். "ஏம்மா, நீதான்னு நெனச்சுட்டேன். தப்பு என்னுது" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "தெரியறதுக்கு மூணு மாசம் ஆச்சுங்களா?" என்றேன். அம்மா தொடையில் கிள்ளினாள். அப்பா, "ஆமாம்மா, மூணு மாசம்" என்றார். நான் கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

மறுநாள் கோவிந்தன் வூட்டுக் குடைக்குக் கம்பி மாற்றினார். "எத்தினியாவது குடைன்னு கேட்டியே கோவிந்தா, இதான் மொதல்" என்றார். கோவிந்தன் தூணில் இருந்த தாளைத் தானாகவே கிழித்துவிட்டார். ஈரத்தில் பாதிதான் வந்ததாம். மீதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்று காலை அப்பா ஓர் இன்லண்டு லெட்டர் வாங்கிவந்தார். எழுதாத தாளின் அடியில், உருதில் தன் கையெழுத்தைப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"அவனுக்கு எழுது."

"என்னா எழுதட்டுங்க?"

"எழுதும்மா."

"எழுதிட்டு வாசிச்சுக் காட்டட்டுங்களா?"

"வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

அந்தத் தாள்தான் இது. இதில் நான் என்ன எழுதினாலும் அப்பா எழுதியதாகிவிடும் என்று உனக்குத் தெரியும்; எனக்கும் நன்றாகத் தெரியும். "உடனே புறப்பட்டு வா, மகனே" என்று எழுதினால் அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பாய். "இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று எழுதினால் மெட்ராஸிலேயே கிடந்திருப்பாய். சத்தியமாக, இரண்டையும் எழுதக் கை துறுதுறுத்தது. இரண்டாவது கொஞ்சம் அதிகமாக.

ஒரு வரிகூட அவர் பேரில் எழுதவில்லை. உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. "சின்னப்பெண், உன்னை மன்னித்துவிடுவார்" என்று எழுதினாயே, அது தீர ரொம்ப நாள் ஆகும். அவர் உன்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. வந்து நேரில் நின்று கேட்டுக்கொள். அவருக்கும் உனக்கும் நடுவில் இனிமேல் நான் வாசிக்க மாட்டேன்.

இன்னும் திட்ட நிறைய இருக்கிறது. இதற்குக் கீழே இடம் இல்லை, அப்பா இருக்கிறார்.